பெட்ரோலியம் இன்ஜினியரிங் வேலைக்கு ரெஸ்யூம் எப்படி எழுதுவது? அனுபவம் என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை!

"காட்ட எதுவும் இல்லை" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். மெக்கானிக்கலோ பெட்ரோலியமோ கடைசி வருடம் படிக்கிறீர்கள், இல்லையென்றால் போன வருடம் முடித்துவிட்டு வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் இதையேதான் சொல்லித் திரிந்தேன். பொய்.

எனக்குத் திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊரில் மலைக்கோயிலுக்கு அடுத்தபடி எல்லோருக்கும் தெரிந்தது போர்வெல் வண்டிதான். ராஜஸ்தானில் போய் நின்றாலும் திருச்செங்கோட்டு வண்டி ஒன்று கண்ணில் படும். அப்பாவும் மாமாவும் கூட்டாக ஒரு வண்டி வைத்திருந்தார்கள். பிளஸ் டூ முடித்ததிலிருந்து இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் வரை, லீவு விட்டால் வண்டியோடு கிளம்பிவிடுவேன். துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் இரும்புக் குழாய்தான் ராடு, அதை மாட்டியிருக்கிறேன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழியிலிருந்து பீய்ச்சி அடிக்கும் கல்மாவை மண்வெட்டியால் தள்ளியிருக்கிறேன். 20 அடிக்கு ஒரு ராடு, எத்தனை இறங்கியது, எந்த அடியில் மாவு வெள்ளையிலிருந்து கருப்பானது, எங்கே ஈரம் தட்டியது என்று நோட்டில் எழுதுவதும் நான்தான். படித்த பையன் இல்லையா, எழுத்து வேலை நம் தலையில்!

2015இல் படிப்பு முடிந்தது. கெட்ட நேரம். 2014 நடுவில் பேரல் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போய்விட்டது. இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு நான் ரெஸ்யூம் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதுவும் எப்பேர்ப்பட்ட ரெஸ்யூம்! 4 பக்கம். முதல் வரியில், சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவுவதே என் லட்சியம் என்று இங்கிலீஷில் இருக்கும். எங்கள் கிளாஸில் பாதிப்பேருக்கு லட்சியம் அதேதான், ஏனென்றால் டைப் அடித்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர் ஒன்றே. அப்பா பெயர், அம்மா பெயர், மதம், பிடித்த விளையாட்டு எல்லாம் உண்டு. ராசி நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி. போர்வெல் பற்றி மட்டும் ஒரு எழுத்து இல்லை. வெட்கம்தான், வேறென்ன. அப்பாவே, "ஏங்கண்ணு, லாரில ராடு மாட்டுனேன்னு எழுதுனா எவன் வேல குடுப்பான்?" என்றார்.

2016இல் சென்னையில் ஒரு டிரில்லிங் சர்வீஸ் கம்பெனியில் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவர் ராஜமுந்திரிக்காரர், தலை முழுக்க நரை. "பெட்ரெல் தெரியும்னு போட்டிருக்கே, அதுல என்ன செஞ்ச?" என்றார். பெட்ரெல் என்பது நிலத்தடிப் பாறை அடுக்குகளைக் கணினியில் வரைந்து பார்க்கும் மென்பொருள். 2 நாள் ஒர்க்‌ஷாப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்த்ததுதான் நான் செய்தது. வாயைத் திறக்கவில்லை. அவரும் பேப்பரை மூடப்போனவர், முகவரியைப் பார்த்து நிறுத்தினார். "திருச்செங்கோடா? எங்க மாமனார் தோட்டத்துக்கு போர் போட்டது உங்க ஊர் வண்டிதான். உனக்கு அதெல்லாம் தெரியுமா? ராடு சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவ்வளவுதான். கால் மணி நேரம் பேசினேன். மேலிருந்து கல் சரிந்து, ராடு நுனியில் பாறையை உடைக்கும் ஹேமர் மாட்டிக்கொண்டால் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, காற்றை விட்டுவிட்டுக் கொடுத்து, சுற்றிக்கொண்டே அரை அடி மேலே அரை அடி கீழே ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும், சத்தத்தை வைத்தே மாமா கண்டுபிடிப்பார் என்று எல்லாம். கேட்டுவிட்டு, "தண்ணி பீறிட்டா நீங்க கைதட்டுவீங்க. எங்க வேலையில சொல்லாம எது மேல வந்தாலும் முதல்ல கிணத்த மூடணும்" என்று சிரித்தார். அப்புறம் என் 4 பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டி, "நீ சொன்னது இதுல எங்கப்பா இருக்கு?" என்றார்.

அந்த வேலை கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஊருக்கு வந்து முழுசாக மாற்றி எழுதினேன். ஒரே பக்கம். ஆறரை அங்குலத் துளை, 1000 அடிக்கு மேல் ஆழம், கடினப் பாறை, காற்றில் அடிக்கும் ஹேமர் முறை, அடிவாரியாகக் கல்மாவு பதிவு, சிக்கிய ராடுகளை மீட்டதில் உதவியாள். உதவியாள் என்றுதான் எழுதினேன், மேற்பார்வையாளர் என்று அல்ல. 2017இல் வேறொரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன்.

போர்வெல்லும் ஆயில் கிணறும் ஒன்றா என்று கமெண்ட்டில் கிளம்பி வருவீர்கள். தெரியும் சாமி. நம் கொங்குப் பாறையில் எண்ணெயும் கிடையாது, எரிவாயுவும் கிடையாது. அதற்குப் படிவுப் பாறை வேண்டும், நாகப்பட்டினம் மாவட்டத்து நரிமணம் பக்கம் போகணும். அங்கே காற்றுக்குப் பதில் மட் என்ற கனமான சேற்றுக் கலவை, அதன் எடைதான் கீழிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். ஆழமும் ஆயிரக்கணக்கான மீட்டர். நான் சொல்வது, கையால் செய்ததை மறைக்காதீர்கள் என்பதை மட்டும்தான். உங்கள் வீட்டில் போர்வெல் வண்டி இல்லாமல் இருக்கலாம். மில்லில் பம்பு பிரித்திருப்பீர்கள், சாயப்பட்டறை சுத்திகரிப்பில் பிரஷர் ரீடிங் எடுத்திருப்பீர்கள். அளவோடு எழுதுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். டிரில்லிங்கா (துளை போடுவது), ரிசர்வாயரா (பாறைக்குள் எண்ணெய் எவ்வளவு என்று கணிப்பது), புரொடக்‌ஷனா (எண்ணெயை மேலே எடுப்பது) என்று ஒன்றை முடிவு செய்துகொண்டு மேலே போடுங்கள். சான்றிதழ் இருந்தால் காலாவதித் தேதியோடு போடணும். கடலில் துளை போடும் மேடையான ரிக்குக்குக் கேட்கும் போசியட் என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் 4 வருடம்தான் செல்லும். பாஸ்போர்ட் தேதியும் அப்படியே. ஓஎன்ஜிசி மாதிரி அரசு நிறுவனம்தான் குறி என்றால் ரெஸ்யூமை அழகுபடுத்தும் நேரத்தில் அவர்கள் கேட்கும் தேர்வுக்குப் படிக்கலாம், அங்கே முதலில் மதிப்பெண்தான் பேசும்.

இவ்வளவு எழுதி வேலை வாங்கியும் என்ன பிரயோஜனம் என்று சில நாள் தோன்றும். எனக்குப் பொண்ணு பார்த்த கதை தனி. தரகர் என் ஜாதகத்தோடு வைத்த தாளில் "பையன் பெட்ரோல் கம்பெனி" என்று எழுதிவிட்டார். கோபிப் பக்கம் ஒரு வீட்டில் காப்பி கொடுத்துவிட்டு, "எந்த ஊர்லீங்க பங்க்கு?" என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் எல்லாம் பொருந்தி வந்தது, 28 நாள் ரிக்கில், 28 நாள் வீட்டில் என்று நான் விளக்கிச் சொன்னதுதான் தப்பு. பெண்ணின் பெரியப்பா, "பாதி நாளு ஊட்ல உக்காந்திருக்கற பையனுக்கு எப்படிங்க புள்ளையக் குடுக்கறது?" என்று எழுந்துவிட்டார். வருடம் முழுக்கத் திண்ணையில் இருக்கிற, 10 ஏக்கர் தென்னந்தோப்புக்காரப் பையனை யாரும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டு ரெஸ்யூமைப் படம் பிடித்துக் கீழே போடுங்கள். வரும் 21ஆம் தேதி நான் ரிக்குக்குக் கிளம்புகிறேன், அதற்குள் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். லட்சியம் வரியை முதலில் அடித்துவிட்டுப் போடுங்கள்.