விஆர் கான்சர்ட்: டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி

சென்னையில ஒரு ஸ்டூடியோவுல 180 டிகிரி வீடியோ எடிட் பண்றது என் வேலை. வீட்டு மனை விளம்பரத்துலேர்ந்து மேடைக் கச்சேரி வரைக்கும் எல்லாம் கைக்கு வரும். கே-பாப் ரசிகர்களும் மத்த பாப் ரசிகர்களும் விஆர் (வெர்ச்சுவல் ரியாலிட்டி) கான்சர்ட் பத்திக் கேட்ட கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றேன். ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துட்டேன்.

கோவை, காலேஜ் முதல் வருஷம்: அக்கா, ஃபோர்ட்நைட்ல டிராவிஸ் ஸ்காட் ஷோ பார்த்தேன். மலை சைஸ்ல வந்து நிப்பாரே, அது. அப்ப நான் விஆர் கான்சர்ட் பார்த்தாச்சுதானே?

பதில்: இல்ல தம்பி. அது ஃபோர்ட்நைட்டுங்கற வீடியோ கேமுக்குள்ள ராப் பாடகர் ஸ்காட்டோட உருவம் வந்து நடந்த ஷோ. 2020 ஏப்ரல்ல முதல் காட்சிக்கு ஒரே நேரத்துல 1.23 கோடி பேர் உள்ள இருந்தாங்க. அஞ்சு காட்சியும் சேர்த்து 2.77 கோடி பேர். ஆனா பார்த்தது டிவி, மானிட்டர், போன் திரையிலதான். அதே மாதிரி லண்டன்ல 2022 மே மாசம் ஆரம்பிச்ச, ஆபா பேண்டோட டிஜிட்டல் உருவங்கள் பாடற ஆபா வாயேஜ் ஷோவும் விஆர் கிடையாது. பேப்பர்ல ஹோலோகிராம்னு எழுதறாங்க, அதுவும் கிடையாது. 6.5 கோடி பிக்சல் இருக்கற ஒரு பிரம்மாண்டமான திரை, முன்னாடி நிஜமா வாசிக்கற 10 பேர் பேண்ட், அவ்வளவுதான். ஷோ அருமை, அது வேற விஷயம்.

விஆர்ன்னா ஹெட்செட், அதாவது கண்ணை மூடற மாதிரி தலையில மாட்டற திரை, மாட்டணும். நீங்க தலையைத் திருப்பினா உள்ள இருக்கற காட்சியும் கூடவே திரும்பணும். இந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு சரக்கை விக்கறாங்க. நடந்த கான்சர்ட்ல கேமரா வச்சு எடுத்தது ஒண்ணு. பாடகரைத் தனியா கிரீன் மேட்ல எடுத்து, கம்ப்யூட்டர்ல செஞ்ச மேடையில உக்கார வைக்கறது இன்னொண்ணு. பாடகருக்கு பதிலா அவரோட அவதார், அதாவது கம்ப்யூட்டர்ல செஞ்ச உருவம், மட்டும் வர்றது மூணாவது. டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி இதுல எதுன்னு பாருங்க. பாதி ஏமாற்றம் அங்கேயே தீந்துடும்.

திருச்சி, ஐடி வேலை: மூணுல எது நல்லா இருக்கும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதில்: ரெண்டாவது.

அதே திருச்சி: சரி, கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க.

பதில்: இப்ப வழிக்கு வந்தீங்க. அமேஸ்விஆர்னு ஒரு கம்பெனி 2022ல ராப் பாடகி மேகன் தீ ஸ்டாலியனை இப்படி எடுத்து, அமெரிக்காவுல ஊர் ஊரா தியேட்டர்ல போட்டாங்க. சீட்டுக்கு ஒரு ஹெட்செட். திரையைப் பார்க்க மாட்டீங்க, மாட்டிக்கிட்டு உக்காருவீங்க. அடுத்து கொரியாவுல கே-பாப் குழுக்கள்: 2023ல ஏஸ்பா, 2024ல டுமாரோ எக்ஸ் டுகெதர்.

இது ஏன் நல்லா இருக்குன்னா, காரணம் தூரம். நிஜ கான்சர்ட்ல கேமராவை எங்க வைக்க விடுவாங்க? ஃபயர் லைன், செக்யூரிட்டி, முன்வரிசை ஆளுங்க தலை, எல்லாத்தையும் தாண்டி ஒரு ஓரமா வைப்போம். கிரீன் மேட்ல அந்தத் தொல்லையே இல்ல. கேமராவுலேர்ந்து மூணு மீட்டர்ல ஆளை நிறுத்தலாம், ஒன்றரை மீட்டருக்குக்கூட வரச் சொல்லலாம். கேமராவுல ரெண்டு லென்ஸ், நம்ம கண்ணு ரெண்டுக்கும் இருக்கற இடைவெளியில, சுமாரா ஆறரை சென்டிமீட்டர். அதனால ஆளு தட்டையான படமாத் தெரியாம, உயரம், தோள் அகலம், கையை நீட்டினா விரல் முன்னாடி வர்றது, எல்லாமே நிஜ அளவுல இருக்கும். டிவியில பார்த்துப் பழகினவங்க முதல்ல சொல்றதே, "இவ்வளவு உயரமா?" இல்லன்னா, "இவ்வளவு குள்ளமா?"

இன்னொரு சூட்சுமம் கண்ணு. பாடறவங்க ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல பார்த்துப் பாடினா, போட்டுப் பார்க்கற அத்தனை பேருக்கும் "என்னையேதான் பார்க்கறாங்க"ன்னு இருக்கும். நிஜ அரங்குல ஐம்பதாயிரம் பேர்ல எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? ஆனா எதிர்ல கூட்டம், கத்தல் எதுவும் இல்லாம, கருப்பா ரெண்டு கண்ணாடியைப் பார்த்து அந்தச் சிரிப்பைக் கொண்டு வரணும். நல்லா ஆடறவங்கள்லயும் சிலருக்கு இது வரவே வராது. மூணாவது நிமிஷம் கண்ணு பக்கத்துல நிக்கற ஆளு பக்கம் ஓடிடும். எடிட்ல உக்கார்ந்து பார்க்கும்போது அது பளிச்னு தெரியும்.

சேலம்: மியூசிக் வீடியோ மாதிரி பரபரன்னு கட் ஏன் வரல? இழுக்கற மாதிரி இருக்கே.

பதில்: கட் பண்ணினா, பார்க்கறவரை வேற இடத்துல தூக்கிப் போட்ட மாதிரி ஆகும். ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை தூக்கிப் போட்டா யாருக்குத் தாங்கும்? அதனால ஷாட் நீளமா விடுவோம், மாத்தணும்னா ஒரு இருட்டு கொடுத்து மாத்துவோம். கோரியோகிராபியும் அதுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும். கேமரா ஆடாத இடத்துல டான்ஸர்தான் முன்ன பின்ன வரணும்.

தூத்துக்குடி: 8கேன்னு போட்டிருக்கான். எனக்கு மங்கலாத்தான் தெரியுது. ஹெட்செட் கோளாறா, என் கண்ணு கோளாறா?

பதில்: ரெண்டும் இல்ல, கணக்கு. டிவியில 8கேன்னா அகலத்துக்கு 7,680 பிக்சலும் உங்க எதிர்ல ஒரு சட்டத்துக்குள்ள இருக்கும். 360 டிகிரி வீடியோவுல அதே 7,680ஐ உங்களைச் சுத்தி முழு வட்டத்துக்கும் பரப்பணும். டிகிரிக்கு 21 பிக்சல்தான் தேறும். நல்ல பார்வை உள்ள கண்ணு டிகிரிக்கு 60 வரைக்கும் பிரிச்சுப் பார்க்கும். இருபது மீட்டர் தள்ளி நிக்கற பாடகரோட முகம் முக்கால் டிகிரிகூட வராது. அதாவது தாடையிலேர்ந்து நெத்தி வரைக்கும் வெறும் 14 பிக்சல். அதுல கண்ணு எங்க, மூக்கு எங்க? அதே முகம் மூணு மீட்டர்ல நின்னா 90 பிக்சலுக்கு மேல கிடைக்கும்.

இதனாலதான் பின்பக்கத்தை வெட்டிட்டு 180 டிகிரிக்கு எல்லாரும் மாறினாங்க. கான்சர்ட்ல முதுகுப் பக்கம் யாரு பார்க்கப் போறா? ஆனா 180லயும் ஒரு குழி இருக்கு. 8கேன்னு போடறது ரெண்டு கண்ணுக்கும் சேர்த்துன்னா, ஒரு கண்ணுக்குப் பாதிதான். பழைய 21க்கே வந்து நிப்பீங்க. பிளாக்மேஜிக் கம்பெனி ஆப்பிளோட இம்மர்சிவ் வீடியோவுக்குன்னு கொண்டு வந்த கேமரா ஒரு கண்ணுக்கே 8,160 பிக்சல் அகலம் எடுக்கும், டிகிரிக்கு 45. கேமரா விலை 29,995 டாலர். நம்ம கைக்கு வர்றதுக்குள்ள ஃபைலைச் சுருக்கிடுவாங்கன்னாலும், ஆரம்பத்துலயே வித்தியாசம் தெரியும்.

ஈரோடு: ஆன்லைன்ல பார்க்கும்போது நடுநடுவுல சதுரம் சதுரமா உடையுது.

பதில்: டவுன்லோட் வசதி இருந்தா இறக்கி வச்சுட்டுப் பாருங்க. ஸ்ட்ரீமிங்ல புகை, லேசர், காகிதத் தூள் வந்தாலே படம் உடையும். பாப் கான்சர்ட்ல இந்த மூணும் இல்லாத பாட்டு ஏது?

மதுரை, ஒரு அம்மா: பொண்ணுக்கு 12 வயசு. ஹெட்செட் வாங்கிக் குடுன்னு ஒரே அடம். கண்ணு கெட்டுப்போயிடாதா?

பதில்: கம்பெனிகளே ஒரு வயசு வச்சிருக்காங்க அம்மா. மெட்டா கம்பெனியோட குவெஸ்ட் ஹெட்செட்டுக்கு 10 வயசு. ஆனா 10 முதல் 12 வரைக்கும் அப்பா அம்மா பொறுப்புல இருக்கற கணக்கு வேணும். ஆப்பிளோட விஷன் ப்ரோ ஹெட்செட்டுக்கு 13. அரை மணிக்கு ஒரு தடவை கழட்டச் சொல்லுங்க. பவர் கண்ணாடி போடற பொண்ணுன்னா முதல்ல கண் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

என்னைக் கேட்டா, கண்ணை விட காதைத்தான் கவனிக்கச் சொல்வேன். வீடியோவா பார்க்கற கான்சர்ட்ல பிரச்சினை இல்ல. அவதாரா உள்ள போற இடங்கள்ல பக்கத்துல நிக்கறவங்க மைக்ல என்ன வேணா பேசலாம். அவங்க வயசு என்ன, யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ஹெட்செட்ல ஓடறதை டிவியிலயும் தெரியற மாதிரி காஸ்ட் பண்ண வசதி இருக்கு. ஹால்ல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

நாமக்கல்: ரெண்டு பாட்டுலயே குமட்டுது. பழகிடுமா?

பதில்: எந்த ஷோவுல கேமரா நகருதுன்னு பாருங்க. கொல்லிமலை பஸ்ல புத்தகம் படிச்சா ஏன் குமட்டும்? உடம்பு வளைவுல ஆடுது, கண்ணு அசையலன்னு சொல்லுது. விஆர்ல அது தலைகீழ். கேமரா மேடைக்கு மேல பறக்குது, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு "நாம சோபாவுலதான் இருக்கோம்"னு சொல்லுது. ரெண்டுக்கும் ஒத்துப்போகாம மூளை குழம்பிடும். கேமரா நிலையா நிக்கற ஷோவா எடுங்க, உக்கார்ந்தே பாருங்க, ஃபேன் காத்து முகத்துல படட்டும். கண்ணுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை ஹெட்செட்ல சரி பண்ணிட்டீங்களான்னு பாருங்க. நிறைய பேர் அதைத் தொடறதே இல்ல. குமட்டல் ஆரம்பிச்சதும் கழட்டிடணும், பல்லைக் கடிச்சுட்டுப் பழகறேன்னு உக்காராதீங்க.

புதுச்சேரி, பிளிங்க் (பிளாக்பிங்க் ரசிகை): லைவ்னு போடறாங்களே, நிஜமாவே லைவா?

பதில்: பெரும்பாலும் இல்ல. உங்க பிளாக்பிங்கையே எடுங்க. போர்ன் பிங்க் டூர் 2023 செப்டம்பர்ல சியோல்ல முடிஞ்சுது. அதுல எடுத்ததை டிசம்பர் 26ஆம் தேதிதான் மெட்டாவோட ஹொரைசன் வேர்ல்ட்ஸ்ங்கற விஆர் தளத்துல காட்டினாங்க. ரெண்டு கண்ணு படத்தையும் ஒத்துப்போக வைக்கறது, நிறம் சரி பண்றது, ஃபிரேம்ல மாட்டின கேமராமேனை அழிக்கறதுன்னு அவ்வளவு வேலை இருக்கு. குறிச்ச நேரத்துல எல்லாரையும் ஒண்ணா உள்ள விட்டா அதுக்குப் பேரு லைவ் ஆகிடுது. அதுலயும் 2022 பிப்ரவரியில சூப்பர் பவுல்ங்கற அமெரிக்க ஃபுட்பால் இறுதிப் போட்டி முடிஞ்சதும் மெட்டா வச்ச ஃபூ ஃபைட்டர்ஸ் ராக் பேண்ட் ஷோவுல, நிறைய பேர் உள்ளயே போக முடியாம வாசல்லயே மாட்டிக்கிட்டாங்க.

கூட்டத்தையும் நம்பாதீங்க. லட்சம் பேர் வந்தாலும் உங்களைச் சின்னச் சின்ன அறையாப் பிரிச்சுத்தான் விடுவாங்க. அவதாரா போய்ப் பேசிப் பழகற விஆர்சாட் ஆப்ல ஒரு அறைக்கு 80 பேர்தான் உச்சம். 2020 டிசம்பர் 31 ராத்திரி பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ழான் மிஷெல் ஜார் பாரிஸ்ல ஒரு ஸ்டூடியோவுல வாசிக்க, அவரோட அவதார் கம்ப்யூட்டர்ல கட்டின நோத்ர தாம் தேவாலயத்துல வாசிச்சுது. 7.5 கோடி பேர் பார்த்தாங்கன்னு ஏற்பாடு பண்ணினவங்க கணக்கு சொன்னாங்க. அதுல ஹெட்செட் மாட்டிப் பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சம், மத்தவங்க டிவியிலயும் நெட்லயும் சாதா வீடியோவாத்தான் பார்த்தாங்க.

சென்னை: கான்சர்ட் பார்க்கறதுக்காகவே ஹெட்செட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குவெஸ்ட் 3எஸ் 2024ல வந்தப்போ அமெரிக்க விலை 299 டாலர், விஷன் ப்ரோ 3,499 டாலர். இங்க வந்து சேரும்போது வரி, ஷிப்பிங் எல்லாம் ஏறும். ஆனா எனக்கு விலையை விட பெரிய கவலை, ஆப் இருக்கணுமேங்கறது. மெலடிவிஆர்னு ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 2018ல ஆப் விட்டாங்க. பெரிய பெரிய பாப் ஆளுங்க கச்சேரி இருந்துது, மேடையில நின்ன இடத்துலேர்ந்து டிரம்ஸ் பக்கம் தாவிக்கூடப் பார்க்கலாம். 2020ல சுமாரா 7 கோடி டாலருக்கு நாப்ஸ்டர்ங்கற பாட்டு ஸ்ட்ரீமிங் கம்பெனியை வாங்கறதா அறிவிச்சாங்க. அப்புறம் அந்த விஆர் ஆப்பையே மூடிட்டாங்க. அதனால, கேம், சினிமா, உடற்பயிற்சின்னு வேற உபயோகம் உங்களுக்கு இருந்தா வாங்குங்க. இல்லன்னா யார்கிட்டயாவது ஒரு சாயங்காலத்துக்குக் கடன் வாங்குங்க.

தஞ்சாவூர்: நம்ம ஊர்ல யாரும் இதைப் பண்ணலையா?

பதில்: ஏ.ஆர். ரஹ்மான் இயக்கின லே மஸ்க்ங்கற விஆர் படத்தை 2022ல பிரான்ஸ்ல இருக்கற கான் நகரத்துல காட்டினாங்க. 36 நிமிஷம். ஆடற நாற்காலி, காட்சிக்குத் தகுந்த வாசனை எல்லாம் உண்டு. ஆனா அது கதைப் படம், கான்சர்ட் இல்ல. அதே வருஷம் ஜனவரி 26ஆம் தேதி பார்ட்டிநைட்டுங்கற மெட்டாவெர்ஸ்ல, அதாவது அவதாரா உள்ள போற ஆன்லைன் உலகத்துல, தலேர் மெஹந்தி அவதாரா வந்து பாடினார். முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் அதுக்கும்.

கிள்ளான், மலேசியா: அக்கா, நிஜ கான்சர்ட்டுக்குக் காசு சேர்த்துட்டு இருக்கேன். விஆர் பார்த்துட்டு அதை விட்டுடலாமா?

பதில்: விடாதே மா. கூட்டத்தோட சேர்ந்து தொண்டை கிழியக் கத்தறதுக்கும், பேஸ் சத்தம் நெஞ்சுல இடிக்கறதுக்கும் விஆர்ல வழியே இல்ல. ஆனா கிடைச்ச டிக்கெட் மேல்மாடிக் கடைசி வரிசைன்னா, ஆளைப் பார்க்கப் போறது எப்படியும் பக்கத்துத் திரையிலதான். முகத்தைக் கிட்டப் பார்க்கணுங்கற ஆசைக்குத் தனியா ஒரு விஆர் ஷோ போயிக்கோ. ரசிகர்கள் கையில ஆட்டற லைட் ஸ்டிக் எடுத்துட்டுப் போகலாமான்னும் கேட்டிருந்தே. போகலாம், ஆனா ஹெட்செட் மாட்டினா உன் கையே உனக்குத் தெரியாது.

வேலூர்: என் பயாஸ், அதாவது குழுவுல எனக்கு ரொம்பப் பிடிச்சவர், எப்பவும் ஓரத்துல நிக்கற மெம்பர். எந்த வீடியோவுலயும் அவருக்கு நாலு செகண்ட்தான். விஆர்லயாவது?

பதில்: உங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான் இது வரப்பிரசாதம். சாதா வீடியோவுல யாரைக் காட்டணும்னு எடிட்டர் முடிவு பண்றார். இங்க எல்லாரும் முழு நேரமும் உங்க எதிர்ல இருக்காங்க. பாட்டு பூரா அவரையே பார்க்கலாம், அவர் பாடாத வரியில என்ன பண்றார், பக்கத்து ஆளைப் பார்த்து எப்படிச் சிரிக்கறார்னு எல்லாம் தெரியும். ஆனா லென்ஸோட ஓரத்துல தெளிவு கொஞ்சம் குறையும், அவர் தூரத்துல நின்னா மேல சொன்ன பிக்சல் கணக்கும் சேர்ந்துக்கும். ஒவ்வொரு மெம்பரும் முறை வச்சு கேமரா கிட்ட வர்ற ஷோவா தேடி எடுங்க. தியேட்டர்ல போட்டுப் பார்த்தா தலையை மட்டும் திருப்புங்க. உடம்போட திரும்பினீங்கன்னா முழங்கை பக்கத்து சீட்டுக்காரர் மூக்குல இடிக்கும், அவருக்கு எங்கிருந்து அடி விழுதுன்னே தெரியாது.