டார்சி உரிமையும் பக்தியாரி கான்களும்

1901இல் பாரசீக (இன்றைய ஈரான்) மன்னர் ஷா முசாஃபருத்தீன் பிரிட்டிஷ் முதலீட்டாளர் வில்லியம் டார்சிக்கு எண்ணெய் உரிமை வழங்கிய பின்னரும் 1905இல் பக்தியாரி பழங்குடித் தலைவர்களான கான்களுடன் தனி ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது, இவற்றில் எது செல்லும் என்ற குழப்பத்தில் கட்டுரை நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஷா வழங்கிய உரிமை, வடக்கின் ஐந்து மாகாணங்கள் நீங்கலாக, 60 ஆண்டுகளுக்குரியது. நிகர லாபத்தில் 16 விழுக்காடு அரசுக்கு. ஆனால் துளையிட வேண்டிய மலைப்பகுதியில் தெஹ்ரானின் ஆணை பெயரளவிலேயே செல்லுபடியானதால், அங்கு அமையும் நிறுவனங்களின் பங்குகளில் 3 விழுக்காடும் காவலுக்கு ஆண்டுத்தொகையும் கான்களுக்குத் தர வேண்டியதாயிற்று. பாரசீக அரசு இதை ஏற்கவில்லை என்பதைக் கட்டுரையில் அவசியம் குறிப்பிடுங்கள். 1909இல் அபாதானில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கான நிலத்துக்காக, முகம்மரா பகுதியின் ஆட்சியாளர் ஷேக் கசாலுடன் ஏற்பட்ட ஏற்பாடும் இவ்வகையே. அதைப் பேசி முடித்தவர் எண்ணெய் நிறுவன ஊழியர் அல்லர், பிரிட்டிஷ் அரசின் அதிகாரி பெர்சி காக்ஸ்.