பில் கவுன்டரில் நம்பர், ரேஷன் கடையில் ரேகை: எதைக் கொடுக்கலாம், எதைப் பூட்டலாம்? (கேள்வி பதில்)

வங்கித் துறையில் தகவல் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போனைத் தூக்கிப் போடு என்கிற ஆள் நான் இல்லை. மாற்றிக்கொள்ள முடிந்ததில் தாராளமாக இருங்கள், முடியாததில் கஞ்சத்தனம் பண்ணுங்கள். பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றலாம், கார்டைச் சில நாளில் மாற்றலாம். கைரேகையை?

ஜவுளிக்கடை பில் கவுன்டரில் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆகணுமா அக்கா?

வேண்டாம். நம்பர் தந்தால்தான் பில் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. “நம்பர் இல்லாம போடுங்க தம்பி” என்றால் போதும். சிஸ்டம் ஏற்காது என்பார்கள். பின்னால் வரிசை நீளும்போது எப்படியோ ஏற்றுக்கொள்ளும். ஃபிரிட்ஜ், மிக்ஸி வாங்கும்போது மட்டும் நானே கொடுத்துவிடுவேன். பில் தொலைந்தாலும் நம்பரை வைத்துத் தேட முடிகிற வசதி எனக்கு வேண்டியிருக்கிறது.

இதற்கென்றே ஒரு பழைய சிம் வைத்திருக்கிறேன். நல்ல யோசனைதானே?

ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தால் நல்ல யோசனை. விட்டுவிட்டால், இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்ததும் அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் மெயிலுக்கோ வங்கிக்கோ அது இணைந்திருந்தால் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். கைவிடும் முன் எங்கெல்லாம் கொடுத்தோம் என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.

ஆட்டோவுக்கு யுபிஐ-யில் பணம் அனுப்பினேன். ராத்திரி அதே ஆள் வாட்ஸ்அப்பில் ‘ஹாய்’ அனுப்புகிறார். நம்பர் எப்படிப் போச்சு?

முதலில் பிளாக் செய்யுங்கள். மறுபடி தொல்லை கொடுத்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுங்கள். தயங்க வேண்டியது நீங்கள் இல்லை.

பல செயலிகளில் உங்கள் யுபிஐ ஐடி, மொபைல் நம்பரோடு வங்கிப் பெயரை ஒட்ட வைத்ததாகவே இருக்கும். தனிநபர் கணக்குக்குப் பணம் போனால் அந்த ஐடி அவர் கண்ணில் படலாம். செயலியின் அமைப்புக்குள் போய், நம்பர் இல்லாத வேறு ஐடி ஒன்றை உருவாக்கி, அதையே முதன்மையாக வையுங்கள். இரண்டு நிமிட வேலை. ஒரு முறை செய்துவிட்டால் யுபிஐ-யின் வசதி எதுவும் குறையாது.

லாட்ஜில் ஆதார் கேட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் அனுப்பி பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஊரே செய்வதுதானே சார்?

சார் இல்லை, அக்கா! ஊரே செய்வதுதான், அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு மாலை நேரத்தில் அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் பாதித் தெருவின் ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாம் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த மெஷினில் வைரஸ் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அழித்தாலும், அங்கே இறங்கிய பிரதி அழியாது.

பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. எல்லோருக்கும் அதே சூத்திரம். ஃபைலின் பெயரிலேயே உங்கள் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆதார் தளத்திலேயே கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். நான் அதைத்தான் ஒரு பிரின்ட் எடுத்து பையில் வைத்திருக்கிறேன். லாட்ஜுக்கு ஓட்டுநர் உரிமமும் வாக்காளர் அட்டையும்கூடச் செல்லும். ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மறைக்கப்பட்டதை நீட்டுங்கள். கடையில் பிரின்ட் எடுத்தே ஆக வேண்டுமானால் பென்டிரைவில் கொண்டு போய், பக்கத்தில் நின்று, அங்கே பிரதி எடுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் கைரேகையை ஆதாரில் லாக் செய்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பாட்டி எப்படி ரேஷன் வாங்குகிறார், பென்ஷன் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பூட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்குள் மைக்ரோ ஏடிஎம் மெஷினோடு வருகிற வங்கிப் பிரதிநிதியிடம் வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் இந்த மூன்றும் இருந்தால் பணம் எடுக்கலாம். ஓடிபி கிடையாது, பின் நம்பரும் கிடையாது. படிக்காத பெரியவர்களுக்கு இதைவிட வசதி இல்லை, திருடனுக்கும்தான். சில மாநிலங்களில் பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதி எடுத்து, சிலிகோன் விரல் செய்து பணத்தை உருவியிருக்கிறார்கள்.

ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை வேலை செய்யாது. ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறக்கலாம், சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும். அதற்கு ஆதாரோடு பதிவான மொபைல் வேண்டும். அந்த போன் சென்னையில் உங்கள் கையிலும், பாட்டி ஊரில் வரிசையிலும் இருந்தால், அரிசி வாங்காமல் திரும்புவது பாட்டிதான். அப்படியானால் பூட்டாதீர்கள். பென்ஷனை ரேகை வைத்து எடுக்காதவராக இருந்தால், ஆதார் வழியாகப் பணம் எடுப்பதை மட்டும் நிறுத்த முடியுமா என்று அவருடைய வங்கியில் கேளுங்கள். சில வங்கிகள் செய்து தருகின்றன. கணக்கில் எஸ்எம்எஸ் வருகிற நம்பரை உங்களுடையதாக மாற்றுங்கள். பணம் போனதாகத் தெரிந்த உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் மேலோ வங்கி மேலோ தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் வங்கியில் புகார் செய்தவருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

எனக்கு 68 வயது. மறைக்க ஒன்றுமில்லையம்மா. இதெல்லாம் எனக்கு எதற்கு?

ஐயா, “சிபிஐயிலிருந்து பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டுகிறவன் உங்கள் பெயர், வங்கி, பிள்ளை இருக்கும் நாடு எல்லாம் சரியாகச் சொல்வதால்தான் நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். அவனுக்கு உங்கள் ரகசியம் வேண்டாம், விலாசம் போதும்.

வாட்ஸ்அப்பில் பேசுவதை யாரும் படிக்க முடியாதுதானே?

2016 முதல் செய்தி போகிற வழி முழுக்கப் பூட்டுதான். யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி என்பது அதில் அடங்காது. இன்னொரு ஓட்டை, கூகுள் டிரைவில் சேருகிற பேக்கப். அதற்கும் பூட்டுப் போடும் வசதி 2021-ல் வந்துவிட்டது. நீங்கள்தான் அமைப்புகளில் போய் இயக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனியாலும் மீட்டுத் தர முடியாது. கல்யாண வீடியோவெல்லாம் அதில்தான் இருக்கிறது என்றால் எழுதி பீரோவில் வையுங்கள்.

ஷாப்பிங் தளத்தில் கார்டை சேவ் செய்யலாமா?

செய்யலாம். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் கடைகள் கார்டு நம்பரையே சேமிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்கிற மாற்றுக் குறியீடுதான் அங்கே இருக்கும். அது திருடு போனாலும் வேறு கடையில் செல்லாது.