மருந்து பழகியது யாருக்கு?

கேள்வி: பனியில் கேரட் பிடுங்கப் போனால் எனக்குச் சளி பிடித்துவிடும். மருந்துக்கடையில் அஜித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிப் போடுவேன், சரியாகிவிடும். இந்த முறை கேட்கவில்லை. உடம்புக்கு மருந்து பழகிவிட்டதா டாக்டர்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: உடம்புக்கு இல்லை ஐயா, பழகுவது கிருமிக்கு. சாதாரணச் சளி வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கான அஜித்ரோமைசினுக்கு அதனிடம் வேலையே இல்லை. தானாகப் போன சளிக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசியாதவை ஒவ்வொரு முறையும் பிழைத்துப் பெருகும்.

போன மழைக்காலத்தில் தேயிலை பறிக்கும் அம்மா ஒருவர் சிறுநீர்க் கடுப்போடு வந்தார். சுருக்குப்பையைத் திறந்தால் பாதி தின்ற மாத்திரை அட்டைகள் நான்கு, ஒன்று பக்கத்து வீட்டில் வாங்கியதாம். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வாய்வழி மருந்துகள் எல்லாவற்றுக்கும் நேராக 'ஆர்', அதாவது கேட்காது. அப்புறம் ஊசிதான். தினமும் பஸ் ஏறி வந்தார், ஐந்து நாள் கூலி போயிற்று. டைபாய்டிலும் இதே கதை: நான் படித்த காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினால் போதும், இப்போது அதை நம்ப முடிவதில்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். இப்போதைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ மூச்சு வாங்கினாலோ நேரில் காட்டுங்கள், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் கடிதத்தில் மருந்து சொல்ல மாட்டேன்.