அந்த ஆயா பேசாது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் பகுதி நாடகக் குழு ஒன்று சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்கு நாடகம் எழுதச் சொல்லித்தருகிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார். அம்மா ஜிமிக்கியை அடகு வைக்கிறாள். சண்டை வருகிறது. கடைசியில் அப்பா மகளைப் பார்த்து "சாப்ட்டியா?" என்கிறார். அதோடு முடிந்துவிடுகிறது. முழுக்க 'இன்னா', 'வந்துகினு' பாஷைதான். ஆண்டு விழாவில் போடலாம் என்றேன். பள்ளியிலோ, பாஷையைத் திருத்துங்கள், கடைசியில் படிப்பின் அருமையைப் பற்றி அப்பா பேசுவதுபோல ஒரு வசனம் சேருங்கள் என்கிறார்கள். நீங்களும் ராயபுரத்தில் பிள்ளைகளோடு நாடக வேலை செய்வதாக எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யட்டும்?

ஓர் ஆசிரியை
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சர்,

வசனம் சேர்க்காதீர்கள். பாஷையிலும் கை வைக்காதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் திருத்தியவன்தான். ஒரு பையன், ராத்திரி நேரம் கழித்து வீட்டுக்கு வரும் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தான். அம்மா கேட்கிறாள்: "எங்க சுத்திகினு வர்ற? மணி இன்னா ஆவுது?" நான் அதை "ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய்?" என்று மாற்றினேன். அம்மாவாக நடித்த பெண் அதுவரை இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கதவுப் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். புது வரி வந்ததும் விறைப்பாக நின்று, பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். இடுப்பிலிருந்த கை கீழே இறங்கிவிட்டது. எழுதிய பையன் அடுத்த இரண்டு சனிக்கிழமை வரவே இல்லை. அது இன்றைக்கும் என் மனதில் உறுத்துகிறது.

நோட்டில் ர, ற குழப்பம் இருந்தால் திருத்துங்கள், அது உங்கள் வேலை. ஆனால் 'ஆவுது' பிழை இல்லை. காசிமேட்டில் ஓர் அம்மா அப்படித்தான் பேசுவாள். மேடைக்குக் கொச்சை ஆகாது என்று சொல்பவர்களிடம் தெருக்கூத்தை ஞாபகப்படுத்துங்கள். ராஜா விருத்தம் பாடிக்கொண்டு வருவார். பக்கத்திலேயே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நின்றுகொண்டு ஊர்ப் பேச்சில் அவரையே மடக்கிக் கேள்வி கேட்பான். இரண்டும் ஒரே ராத்திரி, ஒரே களத்தில் நடக்கும். விடியவிடியப் பார்க்கிற ஜனம் அதில் எதையும் குறை என்று சொன்னதில்லை.

எங்கள் குழுவில் முதல் வாரம் யாரையும் நாடகம் எழுதச் சொல்வதில்லை. சொன்னால் மரம் நடுவோம், பிளாஸ்டிக் ஒழிப்போம் என்று வந்துவிடும். பெரியவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒரு இடத்தில் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள், காதில் விழுவதை மட்டும் எழுதி வாருங்கள் என்று அனுப்புவோம். ஒரு ஏழாம் வகுப்புப் பையன் தண்ணீர் லாரி வருகிற இடத்தில் நின்று எழுதி வந்தான். யார் குடம் முதலில் வைத்தது என்று இரண்டு பேர் சண்டை. ஐந்தே வரி. அதற்குக் கீழே அடைப்புக்குறி போட்டு இப்படி எழுதியிருந்தான்: "அந்த ஆயா பேசாது. குடத்த மட்டும் கால்ல தள்ளும்."

அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சண்டை போடுகிற இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க, வாயே திறக்காத மூன்றாவது ஆள் வரிசையில் முன்னால் போய்விடுகிறாள். பேச்சுக்கு நடுவில் ஒரு செயலை வைக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் பார்த்தான், எழுதினான். நான் செய்தது ஒன்றே ஒன்று. "ஆயா தள்ளுவதை யாராவது பார்க்கிறார்களா?" என்று கேட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, "ஒரு சின்னப் பொண்ணு பாக்குது சார். ஆனா சொல்லாது" என்றான். நாடகம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

தமிழ் நாடகத்தில் பிள்ளைகளுக்குப் பெரிய இடம் உண்டு. 1918-ல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், பிள்ளைகளே நடிக்கும் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த, பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. சுவாமிகள் ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகத்தை எழுதி முடிக்கிற மேதை. அவர் எழுதினார், பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஆடினார்கள், பாடினார்கள், ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் மாணவி தானே எழுதியிருக்கிறாள். அவள் வாயில் நாம் மறுபடியும் நம் வசனத்தைத் திணிக்க வேண்டுமா?

அந்தக் கடைசி "சாப்ட்டியா?"வை விட்டுவிடக் கூடாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் பள்ளிக்கும் பெரும்பாலும் லீவுதான். அப்பாவும் மகளும் ஒரே சின்ன வீட்டில் நாள் முழுக்க இருக்கிறார்கள். சண்டைக்குப் பிறகு மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒரு மனிதர் "சாப்ட்டியா?" என்று கேட்கிறார். நம் வீடுகளில் மன்னிப்பு பாதி நேரம் அப்படித்தானே வருகிறது! அதற்கு மேல் கல்வியைப் பற்றி அவர் பேசினால், அவர் அந்தப் பெண்ணின் அப்பாவாக இருக்க மாட்டார், உங்கள் பள்ளியின் ஆண்டு விழாப் பேச்சாளராகிவிடுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. இது அவள் வீட்டிலேயே நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அவளிடமும் கேட்க வேண்டாம். எழுதுவது வேறு, அக்கம்பக்கத்தார் முன்னால் ஆடுவது வேறு. முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தால் உனக்குச் சரியா என்று தனியாகக் கேளுங்கள். தயங்கினால் அப்பாவின் தொழிலை மாற்றச் சொல்லுங்கள். விசைப்படகுகள் கட்டிக் கிடந்தால் ஐஸ் உடைக்கிறவருக்கும், கூடை தூக்குகிறவருக்கும் வேலை குறைந்துவிடும். கதை அப்படியே நிற்கும். அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வகுப்பில் படித்ததோடு இருக்கட்டும்.

பள்ளியில் வாதாடாதீர்கள். தலைமை ஆசிரியர் அறையில் மூன்று பிள்ளைகளை உட்கார வைத்து நாலு பக்கத்தையும் அப்படியே உரக்கப் படிக்க வையுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. காகிதத்தில் பார்த்துவிட்டு 'கொச்சை' என்று சொல்கிறவர்கள், காதால் கேட்டுவிட்டு அப்படிச் சொல்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம், எனக்காக அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அப்பா "சாப்ட்டியா?" என்று கேட்கும்போது அம்மா எங்கே இருக்கிறாள்? அவசரம் இல்லை, ஒரு வாரம் யோசிக்கட்டும். என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.