அமெரிக்காவில் அடையாள அட்டை இல்லாதவருக்குத் தரும் ‘தற்காலிக வாக்குச்சீட்டு’ என்றால் என்ன?

வாக்காளரின் தகுதி உறுதியாகும்வரை எண்ணாமல் தனியே வைக்கும் வாக்குச்சீட்டு அது. வாக்களித்ததும் சீட்டை உறையிலிட்டு ஒட்டி, பெயர், கையெழுத்தோடு எடுத்துவைப்பார்கள்.

ஏன் தனி உறை? ரகசிய வாக்கு பெட்டிக்குள் விழுந்துவிட்டால் யாருடையது என்று பிரித்தெடுக்க முடியாது. அதற்காக ஆளையே திருப்பி அனுப்பினால், தகுதியுள்ளவரின் உரிமை அன்றோடு போய்விடும். உறை தேர்தலின் நேர்மை, வாக்காளரின் உரிமை இரண்டையும் காக்கிறது. 2002-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வசதியைக் கட்டாயமாக்கியது.

ஹால் டிக்கெட் மறந்த மாணவரைத் தேர்வெழுத விட்டு, அதைக் கொண்டுவந்து காட்டிய பிறகு விடைத்தாளைத் திருத்துவது போலத்தான்.

அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜார்ஜியாவில் 3 நாள், இண்டியானாவில் 10 நாளுக்குள் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். புளோரிடாவில் உறையிலுள்ள கையெழுத்து வாக்காளர் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போனாலே போதும். அலைச்சலும் வேலை நேரமும் ஏழைகளைத்தான் அதிகம் தடுக்கும் என்பதால், புளோரிடா முறையே நியாயமாகப் படுகிறது.

போட்டி நெருக்கமாக இருந்தால் மட்டுமே இவற்றை எண்ணுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் தகுதி உறுதியான ஒவ்வொரு வாக்கும் எண்ணிக்கையில் சேரும்.