வீட்டுக்கு இணையத் தொலைபேசி எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பேச்சைத் தனிக் கம்பியில் அனுப்பாமல், வீட்டு இணைய இணைப்பு வழியாகவே அனுப்புவதுதான் இணையத் தொலைபேசி. இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைன் இந்த வகைதான். பழைய போனையே மோடத்தில் செருகிக்கொள்ளலாம்.

உங்கள் குரல் பெரும்பாலும் நொடிக்கு 50 துண்டுகளாக நறுக்கப்பட்டுப் போகிறது. துண்டுகள் நேரத்துக்கு வந்து சேர்ந்தால்தான் பேச்சு புரியும். பந்தியை நினைத்துப் பாருங்கள்: சோறு விழுந்து சாம்பார் வரத் தாமதமானால் கை நின்றுவிடும், சமையலறையில் அண்டா நிறைய சாம்பார் இருந்தாலும் சரி. அதனால், உங்கள் தெருவில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம் இரவு எட்டு மணிக்குப் பேச்சு அறுபடுகிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தைவிட அந்தப் பதிலை நம்பலாம்.

அடுத்தது கரண்ட். இதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே சுமார் 48 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை; அதில் வருவது ஒளி மட்டுமே. மோடம் அணைந்தால் போனும் அணைந்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வையுங்கள். 108-ஐ அழைக்க வேண்டிய அவசரம் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து வராது.

வெளிநாட்டு அழைப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், குரல் தெளிவாக இருக்க 300 எம்பிபிஎஸ் (Mbps) வேகத் திட்டம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 0.1 எம்பிபிஎஸ் போதும்.